ஆகன் சிலிண்டர் இன்னும் கொட்டிலில்தான் இருக்கிறது: ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் காரைதீவிலும் இருந்து எனக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

பிளாஸ்மா பௌதிகத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வேடு சென்ற மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் முன்பக்கங்களில் நன்றியுரை ஒன்று உண்டு. மேற்பார்வையாளருக்கும் திணைக்களத்துக்கும் முறைப்படி சொல்லவேண்டியதை அதில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில் அந்த வேலை உயிர்பிடித்தபோது கூட நின்றவர்களில் பலர் அந்த ஏட்டைப் புரட்டப்போவதில்லை. புரட்டினாலும், தாங்கள் எதற்கு உதவினோம் என்பது அதிலிருந்து விளங்கப்போவதுமில்லை. இரவல் தந்தவரிடம், அந்தப் பொருள் என்ன வேலைக்குப் போனது என்று சொல்லாமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவேதான் இந்த மடல் தமிழில், சற்று நீளமாக. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் போடவில்லை. யார் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

வாயுவின் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து, அவையும் அயன்களும் (இலத்திரன் இழந்த அணுக்களும்) கலந்து மின்னைக் கடத்தும் நிலைக்கு வரும்போது அதைப் பிளாஸ்மா என்கிறோம். மின்னலும், குழல்விளக்கின் உள்ளே ஒளிர்வதும், சூரியனும் அதுவே. அம்மா அயலவர்களிடம் "மகள் இரத்தத்தைப் பற்றிப் படிக்கிறா" என்று சொல்லிவந்ததை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். பிறகொருநாள், 1928இல் இந்தப் பெயரைச் சூட்டிய இர்விங் லாங்மியருக்கே குருதியின் பிளாஸ்மாதான் நினைவுக்கு வந்ததென்று அவரோடு வேலைசெய்தவர் எழுதியிருப்பதை வாசித்தேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

இந்தப் பிளாஸ்மாவைக் கொண்டு விண்கலங்களைத் தள்ளலாம். 2007இல் புறப்பட்ட நாசாவின் டோன் விண்கலம் 2011இல் வெஸ்டா என்ற சிறுகோளையும் 2015இல் சீரிஸ் என்ற குறுங்கோளையும் அடைந்தது, அயன்களைப் பின்னோக்கி வீசித் தள்ளும் அயன் எந்திரத்தின் பலத்தில்தான். அந்த எந்திரம் முழு வலுவில் இயங்கும்போதும் அதன் தள்ளுகை உள்ளங்கையில் இரண்டு ஏ4 தாள்கள் கிடக்கிற பாரத்துக்கு மேல் வராது. ஆனால் விண்வெளியில் உராய்ந்து தடுக்க எதுவும் இல்லாததால், மாதக்கணக்கில் விடாமல் தள்ளித் தள்ளியே வேகம் கூடிவிடுகிறது. இவ்வகை எந்திரங்களில் செனன் வாயுவைத்தான் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தார்கள். அது விலை கூடியது. ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 2023 முதல் ஆகனால் இயங்கும் எந்திரங்கள் வந்துவிட்டன. ஆகனோ நம் ஊர் வெல்டிங் கடைகளிலேயே கிடைக்கும் மலிவான வாயு. சிக்கல் என்னவென்றால், செனன் அணுவிலிருந்து ஓர் இலத்திரனைப் பிரிக்க 12.13 இலத்திரன்வோல்ற்று (அணுக்களின் சக்தியை அளக்கும் அலகு) போதும், ஆகனுக்கு 15.76 வேண்டும். காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்தால் ஆகன் பிளாஸ்மா எப்படி மாறுகிறது என்பதைச் சிறிய குழாய் ஒன்றில் அளந்து பார்த்ததே என் ஆய்வு. நான் எந்திரம் எதையும் செய்யவில்லை. "ரொக்கட் செய்த பிள்ளை" என்று சந்தையில் சொல்லித்திரிகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும்.

2022இல் எரிபொருள் இல்லாமல் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குப் போய்வர முடியாமற்போனபோது, முதற்கட்டத்தை வீட்டிலேயே செய்து பார்ப்பதென்று துணிந்தேன். அதற்கு முதலில் வேண்டியது வெற்றிடப் பம்பி. புதிதாக ஒன்றை இறக்குமதி செய்ய நாட்டில் டொலரும் இல்லை, என்னிடம் ரூபாயும் இல்லை. ஏசி திருத்தும் மாமா, குழாய்களில் இருந்து காற்றை இழுத்தெடுக்க வைத்திருந்த தன் இரண்டாவது பம்பியைத் தூக்கிவந்து கொட்டிலில் வைத்துவிட்டு, வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. அந்தப் பம்பி எங்கள் குழாயின் அமுக்கத்தை வளிமண்டலத்தின் ஏழாயிரத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தது. வாயு ஒளிரத் தொடங்குவதற்கு அது தாராளம்.

அவர் தந்தது பம்பி மட்டுமல்ல. பிரதேசங்களை எழுத்து வாரியாகப் பிரித்து அட்டவணை போட்டு மின்சாரத்தை வெட்டிய அந்த நாட்களில், ஒருநாள் அட்டவணைக்கு அரை மணிநேரம் முந்தியே மின்சாரம் போனது. பம்பி நின்றதும், குழாயில் இருந்த வெற்றிடம் பம்பியின் எண்ணெயை மேல்நோக்கி உறிஞ்சி, நான் இரண்டு நாள் துடைத்துச் சுத்தம் செய்த உட்சுவரெல்லாம் பூசிவிட்டது. அழாத குறை. மாமா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்ட் போனாப் பிறகு ஓடி என்ன செய்யிற மகள், அதுக்கு முதல் வால்வப் பூட்டோணும், நீங்க பூட்டாட்டி அது தானாப் பூட்டிற மாதிரி ஒண்டு வைப்பம்" என்று சொல்லி, பழைய ஏசி ஒன்றிலிருந்து கழற்றிய மின்வால்வை நடுவில் பொருத்திவிட்டார். மின்சாரம் உள்ளவரை திறந்திருந்து, போன கணமே மூடிக்கொள்ளும் வால்வு அது. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த வால்வுக்கு ஒரு வரைபடம் இருக்கிறது, மாமா.

காத்தான்குடி லேத் பட்டறைக் காக்காவுக்கு நான் பட்டிருக்கும் கடன் இன்னும் பெரிது. குழாயின் மூடியில் இறப்பர் வளையம் உட்காரும் தவாளிப்பை அவர்தான் கடைந்து தந்தார். பொருத்திய பின்னும் எங்கோ காற்றுக் கசிந்தது. ஆகன் சுத்தமாக இருந்தால் ஒளிர்வு கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும்; காற்று கலந்தால் நைதரசன் அதில் ரோசா நிறத்தை ஏற்றிவிடும். மூன்று கிழமை எனக்கு வாய்த்தது ரோசாதான். குழாய் பொருந்தும் இடங்களில் எல்லாம் ஸ்பிரிட் தொட்டுவைத்து, அது உள்ளே கசிந்து அமுக்கமானியின் முள் துள்ளுகிறதா என்று பார்த்துக் களைத்து, கடைசியில் மூடியையே கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். காக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தவாளிப்பின் அடியில் பெருவிரல் நகத்தை வட்டமாக ஓடவிட்டார். ஓரிடத்தில் நகம் நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல், வளையத்துக்குக் குறுக்கே, உள்ளிருந்து வெளியே. கடைசல் விட்ட கோடுகள் வட்டத்தோடு ஓடுவதால் அவற்றை இறப்பர் அடைத்துவிடும். குறுக்கே போகும் கீறலோ காற்றுக்கு வெட்டிவிட்ட வாய்க்கால். நுண்ணிய எமரித்தாளால் வட்டத்தின் போக்கிலேயே அரைமணி நேரம் தேய்த்துத் தந்தார். அன்றிரவு கொட்டிலில் கத்தரிப்பூ பூத்தது. அதன் படத்தை அவருக்கு அனுப்பியபோது, "அல்ஹம்துலில்லாஹ், தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று பதில் வந்தது.

ஆகனைத் தந்தது வெல்டிங் கடை அண்ணன். வாரத்துக்கு 5 லீற்றர்தான் என்ற காலத்தில் அந்தச் சிலிண்டரைத் தன் முச்சக்கரவண்டியில் ஏற்றிவந்த தம்பி, அந்தக் கிழமைப் பெற்றோலில் எவ்வளவை எனக்காகச் செலவழித்தார் என்பதை இன்றுவரை சொல்லவில்லை. காந்தப்புலத்துக்கு வேண்டிய வளையக் காந்தங்கள், கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் தம்பியின் பழுதான ஸ்பீக்கர்களில் இருந்து வந்தவை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பித்த சேருக்கும் ஒரு சொல். காந்த ஊசியொன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்பதைக் காட்டி, நாம் பூமியின் காந்த மத்தியகோட்டுக்கு அருகில் இருக்கிறோம் என்பதையும், கேரளத்தின் தும்பாவில் 1963இல் இந்தியா தன் முதல் ரொக்கட்டை ஏவ அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு அந்தக் கோடுதான் காரணம் என்பதையும் நீங்கள் சொன்ன பாடவேளை நாற்பது நிமிடந்தான். அதற்குப் பிறகு வானத்தை வெறும் வானமாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தைத் திருத்தித் தந்தவர் காரைதீவில் இருக்கும், தமிழ் ஆசிரியையாக ஓய்வுபெற்ற பெரியம்மா. பிளாஸ்மாவை அளப்பதற்கு அதற்குள் கம்பி ஒன்றை நுழைத்தால் அதைச் சுற்றி இலத்திரன் குறைந்த மெல்லிய படலம் உருவாகும். நான் அதைப் "பாதுகாப்பு மண்டலம்" என்று எழுதியிருந்தேன். "மண்டலமும் வேணாம் கிண்டலமும் வேணாம், வாளுக்கு இருக்கிறது என்ன? உறை. உறை எண்டு எழுதுங்க" என்றார். யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டு 1947இல் யாழ் நூலைத் தந்த விபுலாநந்த அடிகள் ஒரு விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும் அன்று நினைவூட்டினார். அடிகள் பிறந்த ஊர்க்காரரிடம் நான் என்ன வாதாட?

கிடைத்த முடிவையும் சொல்லவேண்டும். கொட்டில் அளவீடுகளில் இலத்திரன்களின் வெப்பநிலை ஏறத்தாழ 2 இலத்திரன்வோல்ற்று, அதாவது 23,000 கெல்வின். சூரியனின் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. குழாயின் சுவரோ, கை வைத்தால் இளஞ்சூடு, ஏனென்றால் அந்த இலத்திரன்கள் அவ்வளவு ஐதானவை. நிலைமை சீரானபின் ஆய்வுகூடத்தின் நல்ல பம்பியில் அதே சோதனையை மீளச் செய்தபோது, கொட்டில் எண்களில் ஒரு பகுதி பிழை என்று தெரிந்தது: கம்பியில் எண்ணெய்ப் படலம் படிந்திருந்திருக்கிறது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன்னர் கம்பியைச் செந்தணலாகச் சூடாக்கினால் அந்தப் பிழை பெருமளவு நீங்கும் என்பதைக் காட்டியதுதான் ஆய்வேட்டில் எனக்குப் பிடித்த அத்தியாயம். அன்று எண்ணெய் மேலேறாதிருந்தால் அதை நான் தேடியே இருக்கமாட்டேன்.

வருகிற சனிக்கிழமை வேலை முடிந்ததும் பம்பியைப் புது எண்ணெய் ஊற்றி மாமாவிடம் ஒப்படைத்துவிடுவேன். ஸ்பீக்கர் காந்தங்கள் ஒட்டுப்பசையோடு இருப்பதால் அவற்றைத் திருப்பித் தந்து பயனில்லை. சிலிண்டரில் இன்னும் கொஞ்சம் ஆகன் மிச்சமிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கொட்டிலில் விளக்கை அணைத்துவிட்டு அதை ஒளிரவைத்துக் காட்டுவேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கயிறு கட்டிய எல்லைக்கு உள்ளே மட்டும் வரவிடாதீர்கள், நானூறு வோல்ற்றுக்கு மேல் ஓடும். திங்கட்கிழமை சிலிண்டர் கடைக்கு வந்துவிடும், அண்ணன்.

நன்றியுடன்,
ஆய்வு மாணவி,
கல்லடி, மட்டக்களப்பு