2024–25 ஆண்டறிக்கை: மார்ஃபின் மாத்திரையும் நம் சங்கமும்

தலைவருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. உறுப்பினர் சேர்க்கை மந்தம்தான். ஜூன் 26 போதை ஒழிப்பு நாளன்று பள்ளிப் பிள்ளைகளோடு ஊர்வலம் போனோம், உறுதிமொழி எடுத்தோம், போட்டோவும் எடுத்துக்கொண்டோம். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

இந்த ஆண்டு நம்மை அலைய வைத்தது, அபினிலிருந்து எடுக்கும் கடும்வலி மருந்தான மார்ஃபின் மாத்திரை. புற்றுநோய் முற்றியவர்களின் வீடுகளுக்குப் போகும் நம் தொண்டர்களிடம், வலி தாங்காத நோயாளிகள், “ராத்திரி தூங்க ஒரு வழி பண்ணுங்கம்மா” என்கிறார்கள். மருந்துக்கடையில் பெயரைச் சொன்னாலே கையை விரிக்கிறார்கள்.

பயம் சும்மா வரவில்லை. 1985 போதைப்பொருள் சட்டம் கடும் சிறைத்தண்டனை வைத்தது. மார்ஃபின் வாங்க ஆஸ்பத்திரிகளுக்கு நாலைந்து உரிமம் தேவைப்பட்டது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். 1985இல் 500 கிலோவுக்கு மேல் இருந்த நாட்டின் மார்ஃபின் மருத்துவப் பயன்பாடு 1997இல் 18 கிலோவாகச் சுருங்கியது. இத்தனைக்கும் சட்டப்படி அபின் விளைவித்து வெளிநாட்டுக்கும் அனுப்பும் நாடு இது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகளே இருக்கின்றன.

போதைப்பொருள்கள் பற்றிய 1961 ஐ.நா. ஒப்பந்தம் தடுப்பை மட்டும் பேசவில்லை. வலி தீர்க்க இம்மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்க வழி செய்யவேண்டும் என்று முகவுரையிலேயே சொல்கிறது. நம் ஊரில் தடுப்பு மட்டும் நன்றாக வேரூன்றிவிட்டது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்ற வலி தணிப்பு மருத்துவர்களும் தொண்டு அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் மத்திய அதிகாரிகளோடு பேசி, உச்ச நீதிமன்றமும் போனபிறகு 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும். 2016இல் நியூயார்க்கில் போதைப்பொருள் பிரச்சினை பற்றி நடந்த ஐ.நா. சிறப்புக் கூட்டத்தின் தீர்மானத்திலும் மருந்து கிடைப்பதற்கென்றே தனிப்பகுதி இடம்பெற்றது.

சரி, நம் கதைக்கு வருகிறேன். திருத்தத்தின் நகலோடு அந்த மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியைப் பார்த்தோம். திட்டு வாங்கத் தயாராகப் போனவர்களிடம் அவர் சாவகாசமாகப் படித்துவிட்டு, “இந்தப் பக்கமிருந்து விண்ணப்பமே வரலையே, நான் எதைப் பார்த்துக் கொடுக்கறது?” என்றார். நியாயமான கேள்வி. அப்புறம்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினோம். ஒரு சிறிய ஆஸ்பத்திரி முன்வந்து, ஒரு டாக்டரை வலி தணிப்புப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. விண்ணப்பம் போயாயிற்று, ஆய்வுக்கு வருவார்கள்.

மருந்து இருப்பைப் பூட்டி வைக்க அந்த ஆஸ்பத்திரிக்கு இரும்பு அலமாரியும் பதிவேடுகளும் வேண்டும். அந்தச் செலவைச் சங்கம் ஏற்க பொதுக்குழு ஒப்புதல் தரவேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்