செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் கொலுசுப் பட்டறை நடத்தும் ஐயாக்களுக்கும் அண்ணன்களுக்கும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வளையம் கோக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள் ஊர்ப் பெண். சிற்பத்தில் நான்கு வருடம் பி.எஃப்.ஏ. என்ற நுண்கலை இளங்கலைப் படிப்பு முடித்துவிட்டு, இப்போது சென்னையில் அதன் முதுகலையான எம்.எஃப்.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். போன மே மாத லீவில், பற்றவைப்பு கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏழு பட்டறைகளின் படியேறினேன். ஆறு இடத்தில் வாசலோடு சரி. "இவ்வளவு படிச்சுட்டு இங்க எதுக்கும்மா வர்ற?" என்றார்கள். கோபத்தில் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டார்கள். அன்று எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதில்தான் இந்தக் கடிதம்.

பி.எஃப்.ஏ.வில் வாத்தியார் சொன்னதைச் செய்வோம். களிமண்ணில் தலை செய்யச் சொன்னால் தலை, அச்சு எடுக்கச் சொன்னால் அச்சு. முதுகலையில் அப்படி இல்லை. என்ன செய்யப்போகிறாய், எந்தப் பொருளில், ஏன் அந்தப் பொருள் என்று நம்மையே கேட்பார்கள். இரண்டு வருடம் அதற்குப் பதில் தேடி, கடைசியில் செய்ததையெல்லாம் காட்சிக்கு வைத்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நிற்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட பொருள் வெள்ளிக் கம்பி. அம்மா கொலுசுக்கு வளையம் கோத்துத்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார். எனக்கு வேறு என்ன பொருள் தோன்றும், சொல்லுங்கள்.

வெல்டிங்கும் வெண்கல வார்ப்பும் கற்றிருக்கிறேன். ஆனால் தலைமுடி கனத்துக்கு இருக்கும் கம்பியை உருக விடாமல் ஒட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஏழாவது பட்டறையில் ஒரு பெரியவர் நான்கு நாள் உட்கார விட்டார். முதல் நாள் மூன்று கொலுசுக் கண்ணிகளை உருக்கிக் குண்டு குண்டாக்கிவிட்டேன். அவர் திட்டவில்லை. வெண்காரத்தைத் தொட்டு வைத்து, வெள்ளியை ஒட்டவைக்கும் பற்றுப் பொடியைப் போட்டுவிட்டு, "நெருப்பைப் பொடி மேல காட்டாத. பக்கத்து வெள்ளி மேல காட்டு. எங்க சூடு இருக்கோ அங்க பொடி தானா ஓடும்" என்றார். வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும், பொடி அதற்கு முன்பே இளகிவிடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த இடைவெளியை நிறத்தைப் பார்த்தே பிடிக்கலாம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். மூன்றாம் நாள் ஒரு கண்ணி சரியாக ஒட்டியது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சாயங்காலம் தரையைக் கூட்டியபோது குப்பையைக்கூட வெளியே கொட்டாமல் டப்பாவில் சேர்த்தார். அதை எரித்து அலசினால் வெள்ளி வரும்.

படித்தவர்களுக்குப் பட்டறை எதற்கு என்கிறீர்கள். சென்னை எழும்பூர் கவின்கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அங்கேயே அலுமினியப் பாத்திரம் அடித்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியங்களையும் சிற்பங்களையும் தொடர்ந்தார்கள். அவர்களில் பி.வி. ஜானகிராமின் சிற்பங்களை நீங்கள் பார்க்க வேண்டும். தாமிரத் தகட்டை அடித்து உருவம் எடுத்து, அதன்மேல் கம்பியும் குண்டும் பற்றவைத்திருப்பார். கோயில் கவசம் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகவே இருக்காது. அந்தக் கம்பிக்கும் உங்கள் கம்பிக்கும் ரொம்பத் தூரமில்லை.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வெள்ளி விலை ஏறிக் கிடக்கிறது, சேதாரம் யார் தலையில் விழும்? உங்கள் தராசில் எடை போட்டுக் கொடுங்கள், போகும்போது எடை போட்டு வாங்குங்கள். குறைந்தால் நாங்கள் கட்டுகிறோம். டிசைன் வெளியே போய்விடும் என்றால், போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழகும்வரை தாமிரக் கம்பியே போதும்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் பிள்ளைகளே பட்டறைக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்று அந்தப் பெரியவர் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஊதுகுழலை ஊதாமல் உட்கார்ந்திருந்தார். இந்த வேலையின் சொற்களையும் பக்குவங்களையும் யாராவது எழுதி வைத்தார்களா என்று தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. என் ஆய்வேட்டில் நீங்கள் சொல்லும் சொல்லிலேயே, தமிழிலேயே எழுதப்போகிறேன். சொல்லிக்கொடுத்தவர் சம்மதித்தால் அவர் பெயரும் அதில் இருக்கும். ஒரு பிரதி அந்தப் பட்டறைக்கே தருவேன்.

தை பிறந்ததும் வருகிறேன். ஜூனியர்கள் இரண்டு பேரும் வருவார்கள். ஒரு பட்டறைக்கு ஒரு ஆள், ஒரு மாதம். கூலி வேண்டாம், சாப்பாடு நாங்களே கொண்டுவருவோம். உட்கார ஒரு மணையும், நீங்கள் ஊதும்போது பக்கத்தில் இருந்து பார்க்க அனுமதியும் கொடுங்கள்.

இப்படிக்கு,
வளையம் கோக்கும் வீட்டுப் பெண்