துப்பாக்கி கணக்கும் ஆள் கணக்கும் ஒன்னு இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பட்டர்வொர்த்ல நான் காலையில தேத்தண்ணி குடிக்கிற கடையில ரெண்டு நாளா இதே பேச்சுதான், அமெரிக்கால 100 பேருக்கு 120 துப்பாக்கி இருக்காம், அப்போ அங்க எல்லாருமே துப்பாக்கியோடதான் திரியறாங்கன்னு ஒரு அண்ணன் அடிச்சு சொல்றாரு. நம்பர் பொய் இல்லிங்க, ஆயுதங்கள பத்தி ஆராய்ச்சி பண்ற ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வேங்கிற அமைப்பு 2018ல வெளியிட்ட மதிப்பீடு அது, ஆனா அவங்க எண்ணுனது துப்பாக்கிய, ஆள இல்ல. கருத்துக்கணிப்பு நடத்துற பியூ ரிசர்ச்ங்கிற அமெரிக்க அமைப்பு 2017ல ஆளுங்ககிட்டயே கேட்டப்போ சொந்தமா வச்சிருக்கேன்னு சொன்னவங்க பெரியவங்கள்ல 30 சதவீதம்தான், வீட்டுல வேற ஒருத்தர்கிட்ட இருக்குன்னு சொன்னவங்க இன்னொரு 11 சதவீதம். வச்சிருக்கிறவங்கள்ல மூணுல ரெண்டு பேர்கிட்ட ஒன்னுக்கு மேல இருக்கு, 29 சதவீதம் பேர்கிட்ட அஞ்சோ அதுக்கு மேலயோ இருக்கு, சராசரி எகிறுறது இப்படித்தான்!

இதுல 'உங்ககிட்ட இருக்கா'ன்னு கேக்கிறது வேற, 'உங்க வீட்டுல இருக்கா'ன்னு கேக்கிறது வேற. அதோட யாரோ தெரியாதவங்க வந்து வீட்டுல எவ்ளோ நகை இருக்குன்னு கேட்டா நாம உள்ளத சொல்லிடுவோமா, அவங்களும் அப்படித்தானே மறைப்பாங்க. நம்ம மலேசியாவுல 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் எடுக்கணும், அந்த லைசென்ஸ் கணக்க கொண்டுபோய் அங்க உள்ள சர்வே கணக்கோட பக்கத்துல வச்சு பாக்கிறதும் தப்புதான்.

ஐயா, இந்த மாதிரி செய்தி போடறப்போ யார்கிட்ட, எந்த வருசம், என்ன கேள்வி கேட்டாங்கன்னு ரெண்டு வரி சேத்து போடுங்க, எங்க தாமான் (குடியிருப்பு) பிள்ளைங்க ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு உங்க பேப்பரத்தான் வெட்டி ஒட்டுறாங்க.

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு