ஆளில்லாத தீவுன்னு யாரு சொன்னா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல, புருசன் பொண்டாட்டியா கப்பல்ல தீவு தீவா சுத்துறத பத்தி ஒரு கட்டுரை வந்திச்சுல்லா, அத படிச்ச பெறகுதான் இத எழுதுறேன். முக்காவாசி மாலத்தீவு, பாலி, சிங்கப்பூர் கப்பல்னு லட்சக்கணக்குல ரேட்டு போட்டிருந்தாவ. லட்சத்தீவுக்கு கடைசியில ஒரே ஒரு பாரா, அதுலயும் "மனிதக் காலடி படாத சொர்க்கம்"னு ஒரு வரி. அந்த வரிதான் எனக்கு மீன்முள்ளு மாதிரி தொண்டையில நிக்கி. 2011 சென்சஸ் கணக்குல அங்க 64,473 பேரு இருக்காவ. மொத்த நெலமே 32 சதுர கிலோமீட்டர், ஆளு குடியிருக்கது பத்தே தீவு, அப்போ எவ்வளவு நெருக்கம்னு நீங்களே வகுத்துப் பாத்துக்கோங்க. காலடி படாத எடத்த அந்தக் கட்டுரைக்காரரு எங்க போயி கண்டுபிடிச்சாரோ.

எங்களுக்க ஊரு மார்த்தாண்டம் பக்கம். களியக்காவிளை தாண்டுனா கேரளா. நான் குடிதண்ணி பம்ப் ஹவுஸ்ல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். எனக்க வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு கல்யாணம் ஆன புதுசுல போனது கன்னியாகுமரியும் பத்மநாபபுரம் அரண்மனையும், அதோட சரி, பெறகு பிள்ளையள், பள்ளிக்கூடம், நைட் ஷிப்ட், அம்மைக்க சொகமில்லாத காலம்னு நாப்பது வருசம் ஓடிப்போச்சு. கல்ஃப்ல இருக்க மவன் மாலத்தீவுக்குப் போங்கன்னு சொன்னான், பாஸ்போர்ட் எடுக்கணுமேன்னு யோசிச்சேன், அப்பதான் பக்கத்து வீட்டு சாரு கொச்சியிலேருந்து லட்சத்தீவுக்கு கப்பல் உண்டு, அஞ்சு நாளு, பகல்ல தீவு, ராத்திரி கப்பல்ல ஒறக்கம்னு சொன்னாரு. சமுத்ரம்னு பேரு அந்த பேக்கேஜுக்கு. பாஸ்போர்ட் வேண்டாம்.

ஆனா பெர்மிட் வேணும். இந்தியாவுக்குள்ளயே போறதுக்கு பெர்மிட்டான்னு கேக்காதீங்க, 1967-லயே ரூல் போட்டிருக்கு, நம்மள மாதிரி வெளியேருந்து சுத்திப் பாக்கப் போறவங்க அனுமதி வாங்கித்தான் கால் வைக்கணும். அதுக்கு போலீஸ் கிட்டேருந்து நம்ம மேல கேஸ் ஒண்ணும் இல்லன்னு சர்டிபிகேட் வேற. விசாரிக்க வந்த போலீஸ்காரத் தம்பி எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துட்டு "ஒங்க ரெண்டு பேருக்கும் என்ன கேஸு இருக்கப் போவுது"ன்னு சிரிச்சான். சிரிச்சவன் பேப்பர குடுக்க மூணு வாரம் ஆச்சு, அது வேற கதை. இந்த மாதிரி வெவரத்த ஒரு பெட்டிச் செய்தியா போட்டிருந்தீங்கன்னா நாலு பேருக்கு ஒதவும், அத விட்டுட்டு நீலக் கடல் நீலக் கடல்னு மூணு எடத்துல எழுதியிருக்கு.

குழித்துறையில ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறினோம். அந்த வண்டிக்கு எதுக்கு தீவுன்னு பேருன்னு ரொம்ப பேருக்குத் தெரியாது, முன்னால அது பெங்களூர்லேருந்து கொச்சியில வெலிங்டன் தீவு ஹார்பர் ஸ்டேஷன் வரைக்கும் ஓடின வண்டி, பெறகுதான் கன்னியாகுமரி வரைக்கும் வந்துச்சு. பெருமண் பாலம் வந்தப்போ வீட்டுக்காரி வழக்கம்போல கண்ண மூடிக்கிட்டா. 1988 ஜூலை 8-ம் தேதி இந்த வண்டிதான் அங்க அஷ்டமுடிக் காயல்ல விழுந்துச்சு, எங்க பக்கத்துல அந்த நாள மறந்தவங்க கெடையாது. தண்ணிய பாத்து பயப்படுற ஒருத்திய கடலுக்குக் கூட்டிட்டுப் போறமேன்னு எனக்கே அப்பதான் ஒறைச்சிச்சு.

கப்பலு எம்.வி. கவரத்தி. விசாகப்பட்டணத்துல கெட்டினது, 700 பேரு போலாம். டூர்காரங்க மட்டும் போற சொகுசுக் கப்பல்னு நெனச்சிடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு எர்ணாகுளம் வந்துட்டுத் திரும்புற தீவுக்காரங்க, காலேஜ் பிள்ளைங்க, அரிசிச் சாக்கு, கோழிக்கூடு எல்லாம் சேந்துதான் போவுது. ஸ்விம்மிங் பூலும் ஷாம்பெயினும் கெடையாது. சொல்லப்போனா பங்காரம் தீவ தவிர லட்சத்தீவுல எங்கயும் சாராயமே கெடையாது, எங்க கூட வந்த ஒரு கூட்டத்துக்கு இந்த விசயம் கப்பல் கெளம்பின பெறகுதான் தெரிஞ்சுது, அவிய மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

மொத நாள் ராத்திரி வீட்டுக்காரிக்கு ஒரே வாந்தி. எலுமிச்சங்காய மோந்துகிட்டு பெர்த்துல சுருண்டு படுத்துட்டா, "இஞ்ச பாருங்க, எறக்கி விட்டுருங்க, நான் பஸ்ஸுல போறேன்"னா. நடுக்கடல்ல பஸ்ஸுக்கு எங்க போறது. விடியக்காலையில டெக்குக்கு கூட்டிட்டுப் போனேன், காத்து பட்டதும் கொஞ்சம் தெளிஞ்சா. பறவமீன் கூட்டம் கூட்டமா தண்ணிக்கு மேல எழும்பிப் பறந்து பறந்து விழுது, அத எண்ண ஆரம்பிச்சவ நாப்பது வரைக்கும் எண்ணினா, பெறகு விட்டுட்டு சும்மா இருந்தா, நானும் சும்மா இருந்தேன். ரெண்டு பேரும் ஒரு சோலியும் இல்லாம ஒரே எடத்துல ரெண்டு மணிக்கூர் இருந்தது அன்னைக்குத்தான்னு நெனைக்கேன்.

கல்பேனி தீவுல கப்பல் கரைக்கு வராது. பவளப்பாறைக்கு வெளிய ஆழத்துல நிக்கும், தீவுலேருந்து சின்ன போட்டு வந்து கப்பலுக்க வயித்துல உள்ள கதவு கிட்ட நிக்கும். அலையில போட்டு ஒரு ஆள் ஒயரம் மேல வருது, ஒரு ஆள் ஒயரம் கீழ போவுது. கப்பல்ல ரெண்டு பேரு நம்ம கைய பிடிச்சுகிட்டு நிப்பாவ, போட்டுல ரெண்டு பேரு கைய நீட்டிகிட்டு நிப்பாவ, போட்டு மேல வந்து ஒரு நொடி நிக்கும் பாருங்க, அப்ப "சாடிக்கோ"ன்னு ஒரு சத்தம், காலு எடுத்து வைக்கணும், யோசிச்சா போச்சு. எனக்க வீட்டுக்காரி சேல கெட்டியிருந்தா. "பயப்படாத பிள்ளே"ன்னு நான் சொல்லி முடிக்கதுக்குள்ள அவள தூக்கி போட்டுல இருத்திட்டாவ, அடுத்து நான் சாடினேன், எனக்க ஒரு செருப்பு கடலோட போச்சு. கல்பேனிய நான் ஒத்தச் செருப்போட எறங்கித்தான் பாத்தேன். மணலு வெள்ளையா மெத்துன்னு இருந்ததால தப்பிச்சேன்.

அங்கதான் நான் சொல்ல வந்த விசயம் நடந்துச்சு. கண்ணாடி அடி வச்ச போட்டுல பவளப்பாற காட்டக் கூட்டிட்டுப் போனவருக்கு அறுபது வயசு இருக்கும். அவிய பேசுறது ஜெசரி, மலையாளத்துல ஒரு தினுசு, எங்களுக்குத்தான் பாதி மலையாளம் வாயில வருமே, அதனால பேச்சு ஓடிச்சு. எந்த ஊருன்னு கேட்டாரு. மார்த்தாண்டம்னேன், புரியல. கன்னியாகுமரி ஜில்லான்னேன். ஒடனே "தூத்தூரா, வள்ளவிளையா?"ன்னு கேட்டாரு பாருங்க. மார்த்தாண்டம் தெரியாத மனுசனுக்கு வள்ளவிளை தெரியுது! தூத்தூர் பக்கத்து ஆளுங்க சுறா பிடிக்க நாள்கணக்குல ஆழ்கடல்ல தங்குறவங்க, அந்தத் தீவுக் கடல் அவியளுக்கு நமக்கு மார்த்தாண்டம் ஜங்ஷன் மாதிரி. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி அடிச்சதுல எங்க பக்கம் ரப்பரும் வாழையும் சரிஞ்சு கெடந்தத நாங்க பாத்துகிட்டு நின்னோம், அந்தப் புயலு அப்படியே மேற்க போயி மினிக்காய், கல்பேனின்னு தென்னைய எல்லாம் சாச்சுது. நம்ம ஜில்லா போட்டுங்களும் கேரளா போட்டுங்களும் அடிச்சுக்கிட்டுப் போயி அந்தத் தீவுங்கள்லதான் ஒதுங்கினாவ. அவருக்க வீட்டுல கூர பாதி போனப்போ கூட நாலு தமிழங்க தங்கினாவளாம், துணி குடுத்தோம், கஞ்சி குடுத்தோம், ஒருத்தன் மூணு நாளு பேசவே இல்ல, வாசல்ல இருந்து கடலையே பாத்துகிட்டு இருந்தான்னு சொன்னாரு. பெறகு துடுப்ப நிறுத்திட்டு அடியில பவளத்த காட்டினாரு. வெளுத்துப் போன கொம்பு கொம்பா கெடக்கு, நடுவுல கொஞ்சம் கலரு. கடலு சூடாவும்போது பவளம் வெளுக்கும், 1998, 2010, 2016-ன்னு அடுத்தடுத்து அடி வாங்கியிருக்கு. "காசு வேண்டாம்"னு வேற சொல்லிட்டாரு, வீட்டுக்காரிதான் பிடிவாதமா சட்டப் பையில வச்சா.

இந்த மனுசன் இருக்க எடத்தத்தான் காலடி படாத சொர்க்கம்னு எழுதியிருக்கு.

மினிக்காய் பத்தி பைய எழுதணும்னு ஆச, எடம் தருவீங்களான்னு தெரியல. அங்க மலையாளம் கெடையாது, மஹல்னு பாஷை, அது மாலத்தீவுல பேசுற அதே பாஷைதான், எழுத்தும் வலத்தேருந்து எடத்துக்கு. எட்டு டிகிரி கால்வாய தாண்டினா மாலத்தீவு, அவ்வளவுதான் தூரம், எனக்க மவன் கிட்ட போன்ல மாலத்தீவையும் பாத்தாச்சுன்னு சொல்லிட்டேன். 1885-ல வெள்ளக்காரன் கெட்டின லைட் ஹவுஸ் ஒண்ணு இருக்கு, வீட்டுக்காரி முட்டு வலின்னு கீழ இருந்துகிட்டா, நான் மட்டும் ஏறினேன், மேலேருந்து பாத்தா தீவு ஒரு அருவாள் மாதிரி வளஞ்சு கெடக்கு. எறங்கி வந்து பாத்தா ஆளக் காணல. தேடினா பக்கத்துல ஒரு வீட்டு முத்தத்துல ஒரு பொம்பளையோட குத்தவச்சு இருக்கா. சூர மீன நீளவாக்குல நாலா கீறி, உப்புத்தண்ணியில அவிச்சு, தேங்காத் தொண்டுப் புகையில வாட்டி, வெயில்ல காயப்போட்டிருக்கு, கட்ட மாதிரி. மாசி! நம்ம அம்மைமாரு சம்மந்தியில, அதாவது தொவையல்ல, துருவிப் போடுவாவளே அந்த மாசி. கடையில மாசின்னு கேட்டு வாங்குவோம், அத செய்யுதது எப்படின்னு கண்ணால பாத்தது கெடையாது. வாசன பிடிச்சே போயிருக்கா. இவளுக்கு மஹல் தெரியாது, அவளுக்கு தமிழ் தெரியாது, ஆனா எவ்வளவு நேரம் அவிக்கணும், எத்தன நாளு காயணும்னு எல்லாம் கேட்டு வாங்கிட்டா. அரைக்கிலோ கொண்டு வந்தோம், சூட்கேஸ்ல உள்ள துணி இன்னும் நாறுது.

கவரத்தி தீவுல எல்லாரும் உஜ்ரா பள்ளிவாசல் போயி மரச் செதுக்குக் கூரைய பாத்தாவ, நானும் பாத்தேன், நல்ல வேல. ஆனா பம்ப் ஆபரேட்டருக்கு கண்ணு எங்க போவும்? கடல்தண்ணிய நல்ல தண்ணியாக்குற பிளான்ட்டுக்குத்தான். 2005-ல வச்சது, வச்சது யாருன்னா நம்ம சென்னை பள்ளிக்கரணையில உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். மேல உள்ள சூடான கடல்தண்ணிய வேக்கம் போட்டு இழுத்தா அடுப்பே இல்லாம ஆவியாவும், 350 மீட்டர் ஆழத்துலேருந்து இழுக்குற ஜில்லுத் தண்ணி ஓடுற குழாய் மேல அந்த ஆவி பட்டா நல்ல தண்ணியா எறங்கும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். அந்தத் தீவுங்கள்ல மண்ணுக்கு அடியில நல்ல தண்ணி ஒரு தோசை மாதிரி உப்புத்தண்ணிக்கு மேல மெதந்துகிட்டு கெடக்கு, மோட்டார் வச்சு ஆசைக்கு இழுத்தா கிணறு உப்பாயிரும். அதனாலதான் சொல்றேன், தீவுல தங்காம ராத்திரி கப்பலுக்குத் திரும்புற டூர் எனக்கு பிடிச்சிருந்தது. 2024 ஜனவரியில பிரதமர் போயி போட்டோ போட்ட பெறகு எல்லாருக்கும் அங்க ரிசார்ட் வேணும், ரூமுக்கு ஒரு தொட்டிக் குளியல் வேணும்னு பேச்சு. தண்ணி எங்கேருந்து வரும்னு கேக்குறதுக்கு ஒரு பம்ப் ஆபரேட்டர் போதும், பெரிய படிப்பு வேண்டாம்.

இன்னொண்ணு. ஒங்க கட்டுரையில "கேரளாவின் தீவுகள்"னு போட்டிருக்கு, தப்பு. அது யூனியன் பிரதேசம். 1956 வரைக்கும் அது மதராஸ் மாகாணத்துல இருந்துச்சு, அமினி தீவுங்க தென் கன்னட ஜில்லாவுல, மத்ததும் மினிக்காயும் மலபார் ஜில்லாவுல. 1956 நவம்பர் 1-ம் தேதி அத தனியாப் பிரிச்சு டெல்லி எடுத்துகிட்டு. அதே தேதியிலதான் எங்க ஜில்லாவுல உள்ள தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுக்காவும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி கிட்டேருந்து இங்க மதராஸோட வந்து சேந்துச்சு. அதுக்காக நேசமணி அய்யா நடத்துன போராட்டத்த எனக்க அப்பா கதை கதையா சொல்லுவாரு, அப்பா படிச்சது மலையாளம், எழுதுனது தமிழு. நாங்க உள்ள வந்த அன்னைக்கு அவிய வெளிய போயிருக்காவன்னு கவரத்தியில வச்சுத்தான் எனக்குத் தெரியும், கப்பல்ல கூட வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு சொன்னாரு. ஒரு நாளு கூட ஒரே மாநிலத்துல இருக்கல, வாசல்ல எதிரும் புதிருமா கடந்து போன மாதிரி.

திருத்தம் போட முடிஞ்சா போடுங்க. அந்த வரிக்கும் சேத்து.

கடைசியா, வீட்டுக்காரி பக்கத்துல இருந்துகிட்டு இதையும் எழுதச் சொல்றா: போற பொம்பளைங்க சேல கெட்டாதீங்க, சுடிதார் போடுங்க, எலுமிச்சங்காய் நாலு எடுத்துக்கோங்க. எனக்க பங்குக்கு, செருப்ப கையில வச்சுக்கோங்க.

இப்படிக்கு,
ஒங்க பத்திரிகைய முப்பது வருசமா வாங்குற ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்.