சர்வர் ஃபைல் திறக்க மறுத்தால் ஆன்டிவைரஸை அணைத்துவிடாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“இந்த ஃபைலை வேறொரு புரோகிராம் பயன்படுத்துகிறது” என்று திரையில் வருகிறது. விசாரித்தால் அலுவலகத்தில் யாருமே அதைத் திறக்கவில்லை. விண்டோஸில் இதற்குப் பிழை எண் 32. ஃபைல் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். பல நேரங்களில் அதைப் பிடித்து வைத்திருப்பது ஆன்டிவைரஸ்தான்.

ஒரு ஃபைலை நீங்கள் திறக்கும்போதும், எழுதி மூடும்போதும் ஆன்டிவைரஸ் தானும் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கும். பெரும்பாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் வேலை. ஆனால் வேர்டும் எக்செலும் சேமிக்கும் முறை வேறு. முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பிறகுதான் அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. அந்த நொடியில் ஸ்கேன் குறுக்கிட்டால் பெயர் மாறாது, சேமிப்பதும் நடக்காது. ஃபோல்டரில் புரியாத பெயருடன் தற்காலிக ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போனால் இதைச் சந்தேகியுங்கள். சர்வரில் ஸ்கேன் ஓடும்போதே, ஒவ்வொரு கணினியிலும் நெட்வொர்க் ஸ்கேன் (சர்வர் ஃபைல்களைக் கணினியிலிருந்தே சோதிப்பது) ஓடினால் ஒரே ஃபைல் இரண்டு இடங்களில் சோதிக்கப்படும், தொல்லையும் கூடும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 10, 11 கணினிகளில் வேறு ஆன்டிவைரஸ் போட்டால், விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். விண்டோஸ் சர்வரில் அப்படி ஒதுங்காது, நாம்தான் அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் இரண்டும் ஒரே ஃபைலுக்குப் போட்டியிடும்.

இதற்காக ஆன்டிவைரஸை அணைப்பது, டிரைவ் முழுவதையும் ஸ்கேனிலிருந்து விலக்குவது இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) நுழைந்தால் எல்லோரும் பகிரும் ஃபோல்டர்களும் பூட்டப்படலாம். டேட்டாபேஸ் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் விலக்கினால் போதும். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் என்றால், பெயர் .mdf (எம்டிஎஃப்), .ldf (எல்டிஎஃப்) என்று முடியும் ஃபைல்கள். மின்னஞ்சல் இணைப்புகள் வந்து விழும் ஃபோல்டர் கண்டிப்பாக ஸ்கேனில் இருக்கட்டும். முழு ஸ்கேனை வேலை நேரத்துக்குப் பிறகு வையுங்கள்.

எங்களை அழைக்கும்போது பிழைச் செய்தியின் படம், ஃபைலின் பெயர், சரியான நேரம் மூன்றையும் தாருங்கள். ஸ்கேன் பதிவேட்டில் அதே நேரத்தைத் தேடிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

அன்புடன்,
சர்வர் பராமரிப்புக் குழு