பொன்மலையில் ஒரு நாள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மேட்டுப்பாளையத்தில் மழை விட்டிருப்பதும், நான் தங்கச்சி என்று அழைக்கும் உன் மனைவிக்கு முழங்கால் வலி குறைந்து வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடப்பதும் அறிந்து மனம் நிறைந்தது. இங்கே தஞ்சாவூரில் நாங்கள் நலம். பேரன் பள்ளி இறுதி வகுப்புக்கு வந்துவிட்டான்.

சென்ற வாரம், திருச்சியில் நாம் வேலை பார்த்த பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் போய் ஒரு பகல் முழுவதும் இருந்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று அன்றிரவே நினைத்தேன். நமக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன் காலமான செய்தியைத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன் அல்லவா? காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அண்ணி என்னை அழைத்து, ஃபேமிலி பென்ஷனுக்கு எங்கே போய் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை, ஒரு நாள் துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். எனக்கும் மருத்துவ அட்டையைப் புதிய யூமிட் அட்டையாக மாற்றும் வேலை நிலுவையில் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று காலைப் பாசஞ்சரில் கிளம்பிப் பொன்மலை நிலையத்தில் இறங்கினேன். அண்ணி தம் மகளோடு எனக்கு முன்பே வந்து ஆர்மரி கேட் அருகே வேப்பமரத்து நிழலில் காத்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அண்ணனின் காகிதங்கள் அனைத்தும் இருந்தன.

அந்தப் பையை அவர் என்னிடம் கொடுத்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. அண்ணன் எப்படிப்பட்டவர் என்பது உனக்குத் தெரியும். மாலைச் சங்கு ஊதிய பிறகும் தன் அரங்களைத் துடைத்து, அளவு வாரியாகத் துணியில் சுற்றி வைக்காமல் ஷாப்பை விட்டு வெளியே வந்ததில்லை. அதே ஒழுங்கு அந்தப் பையிலும் இருந்தது. சம்பள ரசீதுகள் ஆண்டு வாரியாகக் கட்டப்பட்டிருந்தன. பென்ஷன் ஆணை பிளாஸ்டிக் உறையில் மடிப்பு விழாமல் இருந்தது. ஆனால் அவற்றில் எது எதற்கு என்று அண்ணிக்கு ஒரு சொல்கூடச் சொல்லி வைத்திருக்கவில்லை. வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. மகள் பாஸ்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கூட்டுக் கணக்குதான் என்று சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது. கூட்டுக் கணக்காக இருந்து, பென்ஷன் ஆணையில் மனைவி பெயரும் இருந்துவிட்டால், இறப்புச் சான்றையும் ஆதாரையும் வங்கியில் கொடுத்தாலே ஃபேமிலி பென்ஷன் தொடங்கிவிடும். வேறு கணக்கு திறக்கவும் வேண்டாம்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஓய்வு பெறும்போது நிரப்பிய படிவத்தில், அண்ணியை வீட்டில் கூப்பிடும் பெயரையே அண்ணன் எழுதியிருக்கிறார். ஆதாரில் இருப்பதோ பள்ளிச் சான்றிதழில் உள்ள முழுப் பெயர். அதைச் சரிசெய்யத்தான் பணிமனை அலுவலகத்துக்கே வர வேண்டியதாயிற்று. செட்டில்மென்ட் பிரிவில் நமக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டராக இருக்கும் இளைஞர் எழுந்து நின்று அண்ணிக்கு நாற்காலி போட்டு, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்பு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, விண்ணப்பத்தோடும் புகைப்படத்தோடும் கொடுத்தால் திருத்த ஆணைக்கு அனுப்பிவிடலாம் என்று விளக்கினார். விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து நான் எழுதினேன், அண்ணி கையெழுத்திட்டார். கை நடுங்கியது. பேனாவை வைத்துவிட்டு, "அவங்க இருக்கும்போதே என்னைய ஒரு தடவ இங்க கூட்டிட்டு வந்திருக்கலாம் தம்பி" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

அவருக்குக் கிடைக்கப்போவது என்ன என்பதையும் அந்த இளைஞரே எடுத்துச் சொன்னார். கணவரின் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும், அதற்குரிய அகவிலை நிவாரணமும் மாதாமாதம் வரும். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளிலேயே ஒருவர் இறந்துவிட்டால் 7 ஆண்டுகள் வரை, அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள் வரை, இவற்றில் எது முந்தியோ அதுவரை 50 சதவீதம் கிடைக்கும். அண்ணன் 70 வயதைக் கடந்தவர் என்பதால் அது பொருந்தாது. அண்ணிக்கு 80 வயது ஆகும்போது 20 சதவீதம் கூடுதலாக வரும். மருத்துவ அட்டை அண்ணனோடு முடிந்துபோவதில்லை. அண்ணி தொடர்ந்து ரயில்வே மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். கணவருக்கு இருந்த இலவச ரயில் பயண பாஸில் பாதி அவருக்கு உண்டு. இவை எதுவும் அண்ணிக்குத் தெரிந்திருக்கவில்லை. மருத்துவமனைக்கு இனிப் போகக்கூடாது என்று எண்ணி, இரத்த அழுத்த மாத்திரையை வெளிக்கடையில் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார்.

நண்பகலில் அண்ணியையும் மகளையும் சாப்பிட அனுப்பிவிட்டு, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஷாப்புக்குள் போய்ப் பார்த்தேன். நாம் நின்ற மேசைகள் இடம் மாறியிருக்கின்றன. கூரையின் மேல்வரிசைக் கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு மூலையில் இளம்பெண் ஒருவர், பெண் ஃபிட்டர், நீராவி இன்ஜினுக்கான வெண்கல பேரிங்கைப் பதமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். நீல மை தடவிய தண்டின் மேல் பேரிங்கை வைத்து ஒரு சுற்று சுற்றி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் தொட்டுத் தொட்டு எடுத்தார். மறுபடி வைத்தார், மறுபடி சுற்றினார். நீலப் புள்ளிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் பரவி, பரப்பு முழுவதும் ஒரே சீராகப் படியும் வரை விடவில்லை. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து விசை கொடுக்கும் அந்த முறை அண்ணனுடையது! யாரிடம் கற்றாய் அம்மா என்று கேட்டேன். அவர் பெயர் சொன்ன மூத்த டெக்னீஷியன் அண்ணனிடம் அப்ரண்டிஸாக இருந்தவர்.

உன் ஊரில் காலை 7.10 மணிக்குப் புறப்படும் மலை ரயிலை நீ நாள்தோறும் பார்க்கிறாய். 1 க்கு 12.5 என்ற ஏற்றத்தில், பல்சக்கரம் பல்தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் அந்த இன்ஜின்களின் மூல வடிவம் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தது. அதே வகை இன்ஜினை நம் பொன்மலை 2011 இல் எண்ணெயில் ஓடுவதாகவும், 2021 இல் நிலக்கரியில் ஓடுவதாகவும் புதிதாகவே கட்டி மலைக்கு அனுப்பியது. நீராவிக் காலம் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அது நடந்ததற்குக் காரணம், அண்ணனைப் போன்றவர்கள் தம் கைவேலையை ஒளிக்காமல் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலையில் ஒன்றையும் மறைக்காத மனிதர், வீட்டுக் காகிதங்களைப் பற்றி மட்டும் ஏன் பேசாமல் இருந்தார்? தாம் இல்லாத நாளைப் பற்றி மனைவியிடம் பேச வாய் வராமல் இருந்திருக்கும். நம் தலைமுறை ஆண்கள் பெரும்பாலோர் அப்படித்தான்.

அந்தப் பெண் என்னிடம் பென்ஷனைப் பற்றிக் கேட்டார். 1.1.2004 க்குப் பிறகு சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு நம் பழைய திட்டம் கிடையாது. சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் உண்டு. இந்தக் கவலையை அவர்கள் இருபது வயதிலேயே சுமக்கிறார்கள். திரும்பும் வழியில் சங்கத் திடல் பக்கம் போனேன். 1946 செப்டம்பர் 5 இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிர்விட்ட இடம். ரயில்வேயில் பென்ஷன் வந்தது 1957 இல். குடும்பத்துக்கு என்று திட்டம் வந்தது 1964 இல். அந்த ஐவரின் வீட்டுப் பெண்களுக்கு இப்படி ஒரு கவுண்டரில் போய் நிற்கும் வாய்ப்பே இருந்திருக்காது என்ற எண்ணம் வந்ததும், அங்கே கைகூப்பி நின்றுவிட்டு வந்தேன்.

என் யூமிட் அட்டை வேலை எளிதில் முடிந்தது. மருத்துவமனையில் உன் மதனிக்கு ஒரு மாதத்துச் சர்க்கரை மாத்திரையும் வாங்கிக்கொண்டேன். வீடு திரும்பிய அன்றிரவே அவளை உட்கார வைத்து, பென்ஷன் ஆணை எண் எங்கே இருக்கிறது, எந்த வங்கிக் கிளை, எனக்குப் பிறகு யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு தானே ஒரு நோட்டை எடுத்துவந்து எழுதிக்கொண்டாள்.

இப்போது உனக்கு என் வேண்டுகோள். நவம்பரில் எப்படியும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அது இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டினாலே ஆகிவிடுகிறது, அதற்காக நீ அலைய வேண்டியதில்லை. ஆனாலும் அதற்கு முன்பு தங்கச்சியை அழைத்துக்கொண்டு ஒரு முறை பொன்மலைக்கு வா. எந்த அறை, எந்த மேசை, மருத்துவமனையில் எந்த ஜன்னல் என்று அவர் தம் கண்ணால் பார்க்கட்டும். உன் பென்ஷன் ஆணை, தங்கச்சியின் ஆதார், பாஸ்புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று இன்றே பார்த்துவிடு. பென்ஷனில் கம்யூட் செய்த பகுதி, அதாவது மொத்தத் தொகையாக முன்பே வாங்கிக்கொண்டதற்காகக் குறைத்த பகுதி, 15 ஆண்டுகள் முடிந்ததும் திரும்ப வர வேண்டும். உனக்கு அது எந்த மாதம் என்பதையும் தங்கச்சி அறிந்திருக்கட்டும்.

கோவையில் ஜன் சதாப்தியில் ஏறினால் முற்பகலிலேயே திருச்சிக்கு வந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த வண்டி கிடையாது. முழங்காலுக்கு ஆகாது என்பதால் தங்கச்சிக்குப் படி ஏறும் வேலை இல்லாமல் நான் முன்கூட்டியே பேசி வைக்கிறேன். அண்ணியும் உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வரும் நாளை எழுது. ஜங்ஷனில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்