ஏழு வருடம் விடாமல் வென்ற ஒஷாவாப் பெடியள்

ஒஷாவா, ஒன்ராறியோ
14 ஜூன்

அன்பின் தம்பிக்கு,

நாங்கள் இங்கு நலம். அம்மாவும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க வேண்டுகிறேன். பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் இருந்த நல்ல பெடியள் எல்லாரும் உயர்தரம் முடித்துப் போய்விட்டார்கள், இனி அணி எழும்பக் கன காலம் செல்லும் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததும் இந்த நகரத்துப் பழைய அணி ஒன்றைப் பற்றி உனக்கு விபரமாக எழுத வேண்டும் என்று பட்டது. அதன் பெயர் ஒஷாவா கிறீன் கேல்ஸ். லக்ரோஸ் விளையாடிய இளையோர் அணி. 1963 தொடக்கம் 1969 வரை ஏழு வருடம், ஒன்றையும் தவற விடாமல், கனடாவின் ஜூனியர் கிண்ணத்தை எடுத்தது. உனக்கு வந்திருக்கிற கஷ்டம் அவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் வந்தது.

முதலில் விளையாட்டைச் சொல்லுகிறேன். ஐஸ் ஹொக்கியை நீ தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். அந்த மண்டபத்தில் வசந்தம் வந்ததும் ஐஸை உருக்கி எடுத்துவிடுவார்கள். அடியில் இருக்கிற வெறும் சீமெந்துத் தரைதான் லக்ரோஸ் களம். கிட்டத்தட்ட 200 அடி நீளம், 85 அடி அகலம், சுற்றிவர மரப்பலகைச் சுவர். பக்கத்துக்கு ஐந்து பேர் ஓடுவார்கள், ஆறாவது ஆள் கோல் காப்பாளர். கோல் வாசல் 4 அடி உயரம், அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் உடம்பு முழுக்கக் கவசம் கட்டிய ஒருவர் நின்றால், மிச்சமாய்த் தெரிவது தோளுக்கு மேல் ஒரு துண்டும் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு துண்டும். பந்து முழு ரப்பர், 5 அவுன்சுக்குச் சற்று மேல், உள்ளே காற்றுக் கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் நாலடிக்குக் கிட்டிய தடி, அதன் நுனியில் வலைப்பை. பந்தைக் கையால் தொடக்கூடாது. தடியில் ஏந்தி ஓடலாம், எறியலாம், கோலுக்குச் சுடலாம். பந்து கிடைத்தால் 30 வினாடிக்குள் சுட வேண்டும். ஒரு பகுதி 20 நிமிடம், அப்படி மூன்று பகுதி.

பந்து வைத்திருப்பவரை, இரண்டு கைக்கும் இடைப்பட்ட தடியால் முன்னிருந்து நெஞ்சிலும் கையிலும் தள்ளலாம். முதுகில் தள்ளினாலோ தலையில் பட்டாலோ தண்டனை. தவறு செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே இருக்க, அவருடைய பக்கம் ஒரு ஆள் குறைவாக விளையாட வேண்டும். கிளித்தட்டில் தாச்சியை ஏமாற்றி உள்ளிடுகிற அதே உடம்பு வளைவு இதற்கும் வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே தாச்சி கையில் தடியும் இருக்கிறது.

பலகைக்குள் அடைத்த இந்த விளையாட்டு ஒன்றும் பழங்காலத்தது அல்ல. 1931 இல் மொன்றியல் கனேடியன்ஸ் ஹொக்கி அணியின் சொந்தக்காரர்களான ஜோ கற்றறினிச்சும் லியோ டன்டுரண்டும், கோடையில் சும்மா கிடக்கிற ஐஸ் மண்டபங்களுக்கு வருமானம் தேடி, புல்வெளியில் விளையாடிய லக்ரோஸை உள்ளே கொண்டுவந்தார்கள். அடுத்த சில வருடங்களிலேயே கனடா முழுக்கப் புல்வெளி ஆட்டத்தை இது பின்னுக்குத் தள்ளிவிட்டது. கேல்ஸ் ஏழு வருடமும் எடுத்த ஜூனியர் கிண்ணத்தின் பெயர் மின்ரோ கிண்ணம், அது அதைவிடப் பழையது. 1901 இல் அப்போதைய தேசாதிபதி மின்ரோ பிரபு பெரியவர்களுடைய ஆட்டத்துக்குக் கொடுத்த வெள்ளிக் கிண்ணம். 1937 இல்தான் அது ஜூனியர் அணிகளுக்கு வந்தது. முதல் எடுத்தவர்கள் ஒறிலியா ரெறியர்ஸ்.

ஜூனியர் என்ற சொல்லில்தான் முழு விசயமும் இருக்கிறது. இன்று 21 வயதோடு ஒரு பெடியனுடைய ஜூனியர் காலம் முடிகிறது. 17 தொடக்கம் 21 வரை ஐந்து வயதுக்காரர். ஒரு ஆட்டத்துக்கு உடுப்புப் போட்டு இறங்குவது 20 பேர்வரை. கணக்குப் போட்டால் வருடத்துக்கு நாலைந்து பேர் கழன்று போவார்கள். அதுவும் போகிறவர்கள் தடி நன்றாகப் பழகி, உடம்பு முற்றியவர்கள். வருகிறவர்கள் மீசை முளைக்காத பிள்ளைகள். வளர்ந்தவர்களின் அணி நல்ல ஆட்களைப் பத்து வருடம் வைத்திருக்கலாம், ஜூனியர் அணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1963 இல் 16 வயதில் சேர்ந்த பிள்ளைகூட 1969 இல் 22 வயது ஆள். அப்படியென்றால் முதல் கிண்ணத்தைத் தூக்கியவர்கள் ஏழாவது கிண்ணத்தையும் தூக்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் அந்த ஏழையும் ஒரே அணியின் வெற்றியாக நான் எண்ணுவதில்லை. பெயரும் பச்சைச் சட்டையும் பயிற்றுநரும் மாறவில்லை, ஆட்கள் ஏறக்குறைய முழுக்க மாறினார்கள்.

பயிற்றுநர் ஜிம் பிஷப். கேல்ஸ் என்றால் இங்கே பழைய ஆட்கள் முதலில் சொல்வது அவர்களுடைய ஓட்டத்தை. மற்ற அணிகள் பந்தைப் பறிகொடுத்ததும் தங்கள் கோலடிக்குப் பின்வாங்கி நின்று காக்கிற காலத்தில், பிஷப்பின் பெடியள் முழுத் தரையிலும் ஒட்டி நின்று நெருக்கினார்கள். பந்து கைக்கு வந்ததும் நடை கிடையாது, நேரே ஓட்டம். மூன்றாவது பகுதியில் எதிரணி மூச்சு வாங்கி நிற்கும்போது இவர்கள் கோல் போடுவார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நீ வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும், உன்னுடைய பெடியளுக்கும் இதில் எடுக்க ஒன்று உண்டு. தடியைக் கையாளுகிற நுட்பம் பழக வருடக்கணக்கில் செல்லும். ஓட்டமும், உருண்டு போகிற பந்தை எடுக்கிறதும் ஒரு பருவத்துக்குள்ளேயே பழக்கக்கூடியவை. அணியின் ஆட்டமுறை அந்த இரண்டிலும் தங்கியிருந்தால், புதிதாக வருகிற பிள்ளை முதல் வருடமே பயன்படுவான். ஒரு பெரிய சுடுநரை நம்பி அணியைக் கட்டினால், அவருக்கு வயது கடந்த அன்றே அணியும் முடிந்தது.

தரையில் உருளும் பந்தை எடுக்கிறதில் எத்தனை பிழை விடலாம் என்று பார். புதியவர்கள் இடுப்பை மட்டும் வளைத்து, தடியைச் செங்குத்தாகப் பிடித்துக் குத்துவார்கள். தடியின் நுனி பந்தில் தட்டிப் பந்து முன்னால் ஓடிவிடும். பின்னங்கை முழங்காலளவுக்குத் தாழ வேண்டும், முழங்கால் மடிய வேண்டும், பந்துக்கு ஒரு அடி முன்பே தடி தரையில் படுத்துவிட வேண்டும், நிற்காமல் அதன் ஊடாக ஓட வேண்டும். எடுத்த அந்தக் கணமே தடியைக் காதோடு சேர்த்து எதிராளிக்குத் தோளைக் காட்ட வேண்டும். அதற்கு அரை வினாடி பிந்தினாலும் பந்து கையில் இராது. சுவரோரமாய்க் கிடக்கிற பந்து என்றால் இன்னும் கவனம். தலையைக் குனிந்துகொண்டு பலகையை நோக்கி ஓடுகிற பெடியன்தான் மோசமாய் அடிபடுவான், எப்போதும் பக்கவாட்டாகப் போகச் சொல்லிப் பழக்குவார்கள்.

ஆள் மாற்றுகிறதும் ஒரு கலை. ஆட்டத்தை நிறுத்தாமலே மாற்றலாம். பந்தோடு முன்னேறுகிற ஐவர் வேறு, காக்கிற ஐவர் வேறு. பந்து கைமாறியதும் ஒரு கூட்டம் வாங்கை நோக்கி ஓட, மற்றக் கூட்டம் கதவால் பாயும். ஒருவர் களைப்பில் இரண்டு வினாடி பிந்தினால் அந்த இடைவெளிக்குள் எதிரணி மூன்றுக்கு இரண்டாக வந்து நிற்கும். அவசரப்பட்டு முந்திப் பாய்ந்தால் ஆள் கூடிவிட்டது என்று தண்டனை. அதனால் முக்கால் நிமிடத்துக்கு மேல் ஒருவரைத் தரையில் விடமாட்டார்கள்.

பார்க்காதவர்களுக்குத் தெரியாத இன்னொரு தொல்லை, தரை வேர்க்கிறது. யூலை மாதம் ஒன்ராறியோவில் காற்று ஈரமும் சூடுமாய் இருக்கும், சீமெந்தின் அடியோ குளிர். கதவு திறந்திருந்தால் அந்த ஈரம் தரையில் படிந்து, எண்ணெய் ஊற்றியது போல் வழுக்கும். திரும்ப ஓடக் கால் ஊன்றுகிறவன் அப்படியே விழுவான். துடைத்துத் துடைத்து விளையாடுவார்கள், சில நேரம் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள்.

கேல்ஸின் கதையில் நான் மிகவும் மதிக்கிற பெயர் கேலோட் பௌலஸ். கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடிப் பிரதேசத்துப் பிள்ளை. அவருடைய தகப்பன் றொஸ் பௌலஸும் பெயர் பெற்ற ஆட்டக்காரர். 1964 இல் பதினேழு வயதில் கேல்ஸில் சேர்ந்து 1967 வரை விளையாடினார். நாலு வருடமும் கிண்ணம். 1964 இலும் 1967 இலும் மின்ரோ தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

அவர் இந்த அணிக்கு வந்ததன் கனத்தை அறிய இந்த நாட்டின் கதையைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். லக்ரோஸ் வெள்ளைக்காரர் கண்டுபிடித்த விளையாட்டே அல்ல. ஹோடெனோஷோனி மக்களுக்கும் மற்றப் பூர்வகுடிகளுக்கும் அது கடவுள் கொடுத்த விளையாட்டு, நோய் தீர்க்கவும் ஆடுவார்கள். லக்ரோஸ் என்பது பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். 1867 இல் மொன்றியல் பல் வைத்தியர் ஜோர்ஜ் பியர்ஸ் அதற்குச் சட்டம் எழுதினார். 1880 இல், காசுக்கு விளையாடுகிறவர்கள் என்று சொல்லிப் பூர்வகுடி அணிகளைத் தேசியப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். பிறந்த வீட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்திய வேலை அது. மனதுக்கு இன்றும் பொறுக்காது. 1994 இல் பாராளுமன்றம் லக்ரோஸைக் கனடாவின் தேசிய கோடை விளையாட்டு என்று சட்டமாக்கியது. சிக்ஸ் நேஷன்ஸ் இளையோரின் சொந்த அணியான அரோஸ் 1992 இல் மின்ரோ கிண்ணத்தை எடுத்தது, பிறகும் பல தடவை எடுத்திருக்கிறது. சிக்ஸ் நேஷன்ஸ் பிரதேசத்து ஊரான ஓஸ்வீக்கனில் உள்ள மண்டபத்துக்கு இன்று கேலோட் பௌலஸின் பெயர்.

1968 இல் பிஷப்பும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு தொழில்முறைச் சங்கம் தொடங்கினார்கள். பௌலஸ் டிட்ரொயிற் அணிக்குப் போனார். அவர் இல்லாத 1968 இலும் 1969 இலும் கேல்ஸ் வென்றது. எனக்கு அந்த இரண்டும்தான் ஏழிலும் பெரிய கிண்ணங்கள். அதற்குப் பிறகு அந்த வரிசை அறுந்தது. பக்கத்து நகரமான விற்பியின் வொறியர்ஸ் இன்று இந்தப் பகுதியின் ஜூனியர் அணி, 2022 இலும் மின்ரோ கிண்ணத்தை எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற ஏஜக்ஸிலிருந்து அவர்களுடைய மண்டபம் கார் ஓட்டத்தில் கிட்டத்தான். கிறீன் கேல்ஸ் என்ற பெயர் இரண்டாம் நிலை அணி ஒன்றோடு கிளாறிங்ரனில் உயிரோடு இருக்கிறது.

அந்தக் காலத்துத் தடி முழுக்க மரம். ஹிக்கரி என்கிற உரமான மரத்தைப் பிளந்து, ஆவியில் வளைத்து, மாதக்கணக்கில் காயவிட்டுச் செதுக்குவார்கள். பெரும்பாலும் செய்தவர்கள் பூர்வகுடிக் கைவினையாளர்கள். நுனியில் ஒரு பக்கம்தான் மரம் வளைந்து சுவராய் நிற்கும், மறுபக்கச் சுவர் தோல் நாரால் இழுத்துப் பின்னியது. அதனால் ஒரு தடி ஒன்றில் வலக்கைத் தடி, இல்லாவிட்டால் இடக்கைத் தடி, மாற்றிப் பிடிக்க முடியாது. அதில்தான் மண்டபத்து ஆட்டத்தின் பழக்கமே பிறந்தது. இடக்கைக்காரர் தரையின் வலப் பக்கம், வலக்கைக்காரர் இடப் பக்கம். அப்படி நின்றால்தான் தடி நடுவுக்கு வரும், கோல் வாசல் அகலமாய்த் தெரியும். 1968 இல் அக்வசாஸ்னே என்கிற பூர்வகுடிப் பிரதேசத்தில் இருந்த பெரிய தடித் தொழிற்சாலை எரிந்து போனது. அடுத்த சில வருடங்களில் பிளாஸ்டிக் தலை வந்தது, அதை எந்தக் கையிலும் பிடிக்கலாம். ஆனாலும் ஒரு கைப் பழக்கம் மண்டபத்தில் மாறவில்லை.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிற ஒருவரிடம் இரண்டு பிளாஸ்டிக் தடியும் நாலு பந்தும் கொடுத்து விடுகிறேன். பெடியளைச் சுவரிலிருந்து பத்து எட்டுத் தள்ளி நிற்கவிட்டு, நெஞ்சளவு உயரத்தில் சோக்கால் கோடு போட்டு எறியச் சொல். பந்து சுவருக்கு முன்னாலேயே நிலத்தில் குத்தினால் வலைப்பை ஆழம் கூடிவிட்டது, மேல் நூலைக் கொஞ்சம் தளர்த்தி அடிக்கயிற்றை இறுக்கு. கோட்டுக்கு மேலாகப் பறந்தால் பை ஆழம் காணாது, அடிக்கயிற்றை விட்டுக்கொடு. ஒரு நாளில் ஒரு விரலகலத்துக்கு மேல் மாற்றாதே, மாற்றினால் எதனால் திருந்தியது என்று தெரியாது. மழையில் நனைந்தால் கயிறு தொய்யும், நிழலில் காயவிடு. பந்து நாளடைவில் மினுங்கத் தொடங்கினால் வலையில் பிடி இராது, அந்தப் பந்தை ஒதுக்கிவிடு.

முகக்கூண்டு வைத்த தலைக்கவசம் வந்து சேரும்வரை கோலுக்குச் சுட ஒருவரையும் விடாதே. அந்தப் பந்து கல்லுக்குச் சமன், சீமெந்துச் சுவரில் பட்டால் எறிந்த வேகத்தோடேயே திரும்பும். சுவருக்கும் எறிகிறவனுக்கும் இடையில் சின்னப் பிள்ளைகள் குறுக்கே ஓடாமல் ஒருவரை நிற்பாட்டி வை. தடி எப்போது கிடைத்தது என்று எழுது.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அண்ணா